மனையைப் பிரிக்கும் கோடு: உட்பிரிவுப் புலப்படத்தைப் போனிலேயே சரிபார்ப்பது எப்படி?

அப்பா பெயரில் ஒரே மனை இருக்கிறது. அதை அக்காவுக்கும் தம்பிக்கும் பாகம் பிரிக்க வேண்டும். "நடுவுல ஒரு கோடு போட்டா முடிஞ்சுதுக்கா" என்று தம்பி சொல்வார். கோடு போடுவது சுலபம்தான். அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, இரண்டு பக்கத்திலும் எவ்வளவு பரப்பு நிற்கிறது, பின்பக்கத்து மனைக்கு வழி இருக்கிறதா என்பதையெல்லாம் அன்றைக்கே பார்க்காமல் விட்டால், வீடு கட்டும்போதுதான் பிரச்சினை தெரியவரும்.

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது ஆரம்பாக்கம். அதைச் சுற்றியுள்ள பழவேற்காடு ஏரிக்கரை மீனவ கிராமங்களில் இந்தக் கவனம் இன்னும் அதிகமாக வேண்டும். இங்கே மனை என்பது வீட்டுக்கு மட்டும் இல்லை. வலை உலர்த்த இடம் வேண்டும், சாமான் வைக்க இடம் வேண்டும், கரைக்குப் போக வழி வேண்டும். சின்ன மனையில் ஒரு மீட்டர் குறைந்தாலும் அது பெரிய விஷயம்.

கணினியில் ஒரு வடிவத்தை எப்படி வெட்டுகிறார்கள் என்பதை இந்தப் பாடத்தில் முதலில் பார்ப்போம். அது புரிந்துவிட்டால், உங்கள் மனையின் உட்பிரிவுப் படத்தில் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

புலப்படம் போட்டோ மாதிரி இல்லை

அலுவலகத்தில் எஃப்.எம்.பி. என்று சொல்வார்களே, அதுதான் புலப்படம். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் தனித்தனியாக இது உண்டு. பழைய காலத்தில் காகிதத்தில் வரைந்து வைத்திருந்த இந்தப் படங்கள், தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய 'கொலாப்லேண்ட்' என்ற மென்பொருள் வழியாகக் கணினிக்கு மாறின. அதனால்தான் இன்று போனிலேயே பார்க்க முடிகிறது.

போனில் நீங்கள் எடுக்கும் போட்டோ லட்சக்கணக்கான வண்ணப் புள்ளிகளால் ஆனது. விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனால் கட்டம் கட்டமாக உடைந்து மங்கிவிடும். வெக்டர் படம் வேறு மாதிரி. மூலைகள் எங்கே இருக்கின்றன, எந்த மூலை எந்த மூலையோடு சேர்கிறது என்ற கணக்குதான் அதில் சேமிக்கப்படுகிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கூர்மையாகவே நிற்கும்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. வெக்டர் வடிவத்துக்கு 'உள்ளே', 'வெளியே' என்று உண்டு. நாலு கோடும் மூலைக்கு மூலை சேர்ந்து மூடினால்தான் அது ஒரு வடிவம். அப்போதுதான் அதன் பரப்பைக் கணக்கிட முடியும். ஒரு மூலையில் சிறிய இடைவெளி இருந்தாலும் அது வெறும் கோடு. பரப்பு கிடையாது.

நாலு பக்கம் அளந்தால் போதுமா?

போதாது. நாலு குச்சிகளை மூலைக்கு ஒரு ஆணி அடித்துச் சட்டமாக்கி, ஒரு பக்கம் தள்ளிப் பாருங்கள். சட்டம் சாய்ந்துவிடும். பக்கங்களின் நீளம் மாறவில்லை, ஆனால் உள்ளே இருக்கும் இடம் குறைந்துவிட்டது. இப்போது மூலைக்கு மூலை குறுக்கே ஒரு குச்சியை அடியுங்கள். சட்டம் அசையாது.

நில அளவையிலும் இதே வேலைதான் நடக்கிறது. புலத்துக்குக் குறுக்கே மூலைவிட்டக் கோடு ஒன்றைப் போட்டு, அதிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் செங்குத்தாக எவ்வளவு தூரம் என்று அளப்பார்கள். எந்தக் கோணல்மாணலான புலமும் முக்கோணங்களாகப் பிரிந்துவிடும். முக்கோணத்தின் பரப்பு, அடியும் உயரமும் பெருக்கி அதில் பாதி. எல்லாவற்றையும் கூட்டினால் புலத்தின் பரப்பு வந்துவிடும். 1802-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்குப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரிய நில அளவையும் முக்கோணங்களை நம்பி நடந்ததுதான்.

அளவுகளையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பழைய புலப்படங்களில் சங்கிலிக் கணக்கு இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க்ஸ். 10 சதுர சங்கிலி ஒரு ஏக்கர். ஏக்கரில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. இன்றைய பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், சுமார் 2.47 சென்ட். படத்தில் இருக்கும் எண் மீட்டரா லிங்க்ஸா என்று பார்க்காமல் கணக்குப் போட்டால் விடை முழுவதும் தப்பாகிவிடும்.

கணினியில் வெட்டிப் பார்ப்போம்

இங்க்ஸ்கேப் என்பது இலவசமாகக் கிடைக்கும் வரைகலை மென்பொருள். வீட்டில் கணினி இருந்தாலோ, பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் கணினி பயன்படுத்தினாலோ இதைச் செய்து பார்க்கலாம்.

1. பேனா கருவியால் நாலு மூலை வைத்து ஒரு வடிவம் வரையுங்கள். தொடங்கிய புள்ளியிலேயே கடைசிக் கிளிக்கை வைத்து மூடுங்கள். உள்ளே ஒரு நிறம் கொடுங்கள்.

2. அதன் மேலே ஒரு நேர்கோடு வரையுங்கள். கோட்டின் இரண்டு முனையும் வடிவத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

3. ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு இரண்டையும் தேர்ந்தெடுங்கள்.

4. 'பாத்' மெனுவில் 'டிவிஷன்' என்பதை அழுத்துங்கள். மேலே இருந்த கோடு கத்தி மாதிரி வேலை செய்து மறைந்துவிடும். கீழே இருந்த வடிவம் இரண்டு துண்டாகிவிடும். ஒன்றை இழுத்து நகர்த்திப் பாருங்கள், தனியாக வரும்.

அதே மெனுவில் 'கட் பாத்' என்று இன்னொன்று இருக்கிறது. அது வெளிக்கோட்டை மட்டும் துண்டாக்கும். உள்ளே நிறம் போய்விடும். கோடு மிஞ்சும், பரப்பு மிஞ்சாது. மனை பிரிக்க நமக்கு வேண்டியது முதல் வகை.

வரைபடங்களுக்கென்றே இருக்கும் க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளிலும் இதே வேலைக்குக் கருவி உண்டு. அங்கும் வெட்டுக்கோடு ஒரு எல்லைக்கு வெளியே தொடங்கி அடுத்த எல்லையைத் தாண்டி முடிய வேண்டும். பாதியில் நின்றால் வடிவம் பிரியாது. தரையிலும் அப்படித்தான். வேலி மனையின் நடுவிலேயே நின்றுவிட்டால் பாகம் பிரிந்ததாக ஆகாது.

இந்த மென்பொருளில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு வடிவத்தோடும் ஒரு விவர வரிசை ஒட்டிக்கொண்டிருக்கும்: எண், பெயர், பரப்பு. வடிவத்தை இரண்டாக வெட்டினால், பொதுவாக இரண்டு துண்டுக்கும் பழைய விவரமே நகலாகிவிடும். படம் பிரிந்துவிட்டது, கணக்கு பிரியவில்லை. புதுப் பரப்பை மறுபடி கணக்கிட்டு எழுதினால்தான் வேலை முடியும்.

இது பெரிய கோடுகளுக்கும் பொருந்தும். 1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாநிலத்துக்கும் ஆந்திராவுக்கும் இடையே எல்லை மாறியபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேடு பகுதி அந்தப் பக்கம் போனது. வரைபடத்தில் கோடு நகர்ந்ததோடு, அந்தந்த ஊர் எந்த மாநிலத்தின் கணக்கில் என்பதும் சேர்ந்தே மாறியது. உங்கள் மனையில் போடும் கோடு சின்னதாக இருந்தாலும் விதி இதுதான். படமும் மாற வேண்டும், கணக்கும் மாற வேண்டும்.

'நடுவுல ஒரு கோடு' - கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். தெருப் பக்கம் 20 மீட்டர். பின்பக்கம் 16 மீட்டர். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றன. இடைத்தூரம் 24 மீட்டர். 20-ஐயும் 16-ஐயும் கூட்டி, இரண்டால் வகுத்து, 24-ஆல் பெருக்கினால் 432 சதுர மீட்டர். பட்டாவில் 4.32 ஏர் என்று இருக்கும், சுமார் 10.67 சென்ட்.

முதல் வழி: தெருவுக்கு இணையாக, சரியாக 12 மீட்டர் உள்ளே தள்ளி ஒரு கோடு. பார்த்தால் பாதிதான். ஆனால் அந்த இடத்தில் மனையின் அகலம் 18 மீட்டர். முன்துண்டு 228 சதுர மீட்டர், பின்துண்டு 204. வித்தியாசம் 24 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 258 சதுர அடி. 16 அடிக்கு 16 அடி அறை ஒன்று யாரோ ஒருவருக்குப் போய்விட்டது. அதோடு பின்துண்டுக்குத் தெரு வழியே இல்லை.

இரண்டாவது வழி: தெருப் பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து பின்பக்கத்தின் நடுப்புள்ளிக்கு ஒரு கோடு. இப்போது ஒவ்வொரு துண்டுக்கும் தெருப் பக்கம் 10 மீட்டர், பின்பக்கம் 8 மீட்டர். பரப்பு இரண்டுக்கும் 216 சதுர மீட்டர். இரண்டு பேருக்கும் தெரு உண்டு.

மூன்றாவது வழி: ஏற்கெனவே முன்னால் வீடு இருக்கிறது, முன்-பின்னாகத்தான் பிரிக்க முடியும் என்றால் வழியையும் சேர்த்து வெட்டுங்கள். முன்துண்டின் ஓரமாக 3 மீட்டர் அகலத்தில் 12 மீட்டர் நீளத்துக்கு வழி விட்டால் அது 36 சதுர மீட்டர். அப்போது முன்துண்டு 192, வழி 36, பின்துண்டு 204. கூட்டினால் அதே 432. அந்த வழி பின்மனைக்காரருக்கே சொந்தமா, இருவருக்கும் பொதுவா என்பதைப் பத்திரத்தில் தெளிவாக எழுத வேண்டும். "நம்ம தம்பிதானே, வழி விடாமலா போயிடுவான்" என்று அக்கா விட்டுவிடலாம். அடுத்த தலைமுறைக்கு அந்த வாய்வார்த்தை தெரியாது.

ஏரியில் பங்கு வேறு விதமாக நடக்கிறது. பழவேற்காடு ஏரி மீனவர்களிடம் 'பாடு' முறை உண்டு. இன்றைக்கு இந்த இடத்தில் யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். தண்ணீரில் முறை மாறி மாறி வரும், இன்றைக்குக் குறைந்தது நாளைக்குக் கூடும். மனையில் அப்படி முறை மாறாது. கோடு ஒரு தடவை விழுந்தால் அங்கேயே நிற்கும். அதனால் கோடு விழுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

பத்திரம், அளவு, பட்டா

குடும்பத்துக்குள் பிரிக்கும்போது பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வது வழக்கம். அதில் 'வடபாதி', 'தென்பாதி' என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். நான்கெல்லை, ஒவ்வொரு பக்கத்தின் நீளம், பரப்பு மூன்றும் இருக்கட்டும். அளவு போட்ட வரைபடத்தையும் பத்திரத்தோடு இணையுங்கள்.

அடுத்து உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்திலும் செய்யலாம், தமிழ்நிலம் இணையதளத்தில் நீங்களே போனில் இருந்தும் செய்யலாம். கட்டணம் விண்ணப்பிக்கும்போதே திரையில் தெரியும். விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து நிலையைப் பார்த்துக்கொள்ளலாம்.

நில அளவர் அளக்க வரும் நாளில் பங்குதாரர் எல்லோரும் மனையில் இருப்பது நல்லது. பக்கத்து மனைக்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள். எல்லைக்கல் எங்கே இருக்கிறது, புதுக்கோடு எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குப் போகிறது என்பதை உங்கள் போனில் படம் எடுத்து வையுங்கள். புரியாததை அங்கேயே கேளுங்கள். "சார், இந்தக் கோடு எத்தனை மீட்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

ஏரிக்கரை மனைகளுக்கு இன்னொரு விஷயம். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும், கோடையில் இறங்கும். பட்டாவின் எல்லை தண்ணீரோடு சேர்ந்து நகராது. தண்ணீர் நிற்கும் இடத்தை எல்லையாக எடுத்துக்கொள்ளாமல், கல்லையும் அளவையும் பாருங்கள். உட்பிரிவு கிடைத்துவிட்டது என்பதற்காகக் கட்டட அனுமதியும் கிடைத்துவிட்டதாக அர்த்தம் இல்லை. கடலோர ஒழுங்குமுறை விதிகள் உங்கள் இடத்துக்குப் பொருந்துமா என்று தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

போனில் மூன்று சோதனை

புதுப் பட்டா வந்ததும் அரசின் நிலப் பதிவேடுகளுக்கான இணையவழிச் சேவைப் பக்கத்துக்குப் போங்கள். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்தால் பட்டாவையும் புலப்படத்தையும் பார்க்கலாம். கிராமம் என்ற இடத்தில் வருவாய் கிராமத்தின் பெயர் வரும். உங்கள் குப்பத்தின் பெயர் பட்டியலில் இல்லை என்றால் பதற்றப்பட வேண்டாம். ஒரு வருவாய் கிராமத்துக்குள் பல குப்பங்கள் இருக்கலாம். வீடு நத்தம் நிலத்தில் இருந்தால் நத்தம் என்ற பிரிவில் தேடுங்கள்.

சோதனை 1: கூட்டல். புதுத் துண்டுகளின் பரப்பைக் கூட்டுங்கள். பழைய பட்டாவின் பரப்பு வர வேண்டும். நம் உதாரணத்தில் 2.16-ம் 2.16-ம் சேர்ந்து 4.32 ஏர். அதற்கு மேல் வந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கலாம். குறைந்தால் நடுவில் ஏதோ ஒரு துண்டு யார் கணக்கிலும் சேராமல் விடுபட்டிருக்கலாம்.

சோதனை 2: பொதுக்கோடு. வெட்டிய கோடு இரண்டு மனைக்கும் ஒரே கோடுதான். உங்கள் பக்கம் அதன் நீளம் 24.1 மீட்டர் என்றால் தம்பி பக்கமும் 24.1 மீட்டர்தான் இருக்க வேண்டும். தொடங்கும் புள்ளியும் முடியும் புள்ளியும் ஒன்றாகவே இருக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கி, கோடு இரண்டு பக்கமும் எல்லையைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

சோதனை 3: எண்ணும் பெயரும். 212/3 என்ற மனை (இது உதாரண எண்) பிரிந்தால் 212/3ஏ, 212/3பி என்று வரும். எந்த எண் எந்தப் பக்கம் என்று படத்தில் பாருங்கள். அதே எண்ணுக்கு எதிரே பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தெரு எந்தப் பக்கம் என்பதை வைத்துச் சரிபார்த்தால் குழப்பம் வராது. படம் சரி, பரப்பு சரி, பெயர் மட்டும் இடம் மாறிவிட்டால், அக்கா வீடு கட்டிய மனை காகிதத்தில் தம்பியுடையதாக இருக்கும். வங்கிக் கடனுக்குப் போகும்போதுதான் அது தெரியவரும்.

மூன்று சோதனைக்கும் போனில் உள்ள கால்குலேட்டர் போதும். பத்து நிமிஷம்கூட ஆகாது.

தப்பு இருந்தால் என்ன செய்வது?

பத்திரத்தின் நகல், பழைய பட்டா, புதுப் பட்டா, இரண்டு புலப்படம், நீங்கள் போட்ட கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து வட்டாட்சியர் அலுவலகத்தில் திருத்தம் கேட்டு மனு கொடுங்கள். "பரப்பு தப்பு" என்று பொதுவாக எழுதாமல், "இந்த உட்பிரிவில் இந்தப் பக்கம் பத்திரப்படி 24.1 மீட்டர், படத்தில் இத்தனை மீட்டர்" என்று குறிப்பாக எழுதினால் வேலை சீக்கிரம் நகரும். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டா தொடர்பான வட்டாட்சியரின் உத்தரவில் உங்களுக்கு உடன்பாடு இல்லை என்றால், தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டம் 1983-ன்படி வருவாய் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் காலவரம்பு உண்டு, தாமதிக்க வேண்டாம். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம், 1100 என்ற உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். சொத்து யாருக்கு உரியது என்பதிலேயே தகராறு என்றால் அதை முடிவு செய்வது உரிமையியல் நீதிமன்றம்.

நினைவில் வையுங்கள்

- பாதி ஆழம் என்றால் பாதி நிலம் இல்லை. அளந்து கணக்கிடுங்கள்.
- நாலு பக்கத்தோடு மூலைவிட்ட அளவும் வேண்டும்.
- வழியையும் ஒரு துண்டாக நினைத்து, பரப்போடு பத்திரத்தில் எழுதுங்கள்.
- கூட்டல், பொதுக்கோடு, எண்ணும் பெயரும்: மூன்றையும் பார்த்த பிறகே வேலி போடுங்கள்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே பிரித்த மனை இருந்தால், இன்றைக்கே புலப்படத்தை எடுத்து இந்த மூன்று சோதனையையும் செய்து பாருங்கள். பத்திரம் எழுதியவர்களும் எல்லை தெரிந்த பெரியவர்களும் பக்கத்தில் இருக்கும்போதே தப்பைக் கண்டுபிடித்தால் பேசித் தீர்ப்பது சுலபம்.